மூச்சை அளந்த வரலாறு: நாட்பட்ட சுவாசப்பை நோயும் முன்னறிதலும்

நோயாளியின் மூச்சைக் கொண்டு நோயை அறிய முற்படுதல் மருத்துவத்தின் மிகப் பழைய வழக்கங்களுள் ஒன்றாகும். ஹிப்போக்கிரட்டீசின் பெயரால் வழங்கும் கிரேக்க மருத்துவ நூற்றொகுதி, சயரோகியின் சளியைத் தணலில் இட்டபோது எழும் கடும் நாற்றத்தைத் தீய குறியாகக் கொள்கின்றது. நீரிழிவு முற்றியவரின் மூச்சில் வீசும் பழவாடை, ஈரல் கெட்டவரின் மூச்சில் வீசும் மக்கிய வாடை, சிறுநீரகம் பழுதுற்றவரின் மூச்சில் வீசும் அமோனியா வாடை ஆகியன இன்றும் மருத்துவ மாணவர்க்குக் கற்பிக்கப்படும் குறிகளாகும். ஆயின் மூக்கினால் அறியப்பட்ட இக்குறிகள் யாவும் நோய் முற்றிய பின்னரே தோன்றுவன. உள்ளதை அவை உணர்த்தின, வரப்போவதை உணர்த்தவில்லை.

வரப்போவதை அறிதலின் தேவை, நாட்பட்ட சுவாசத் தடை நோயைப் பொறுத்தவரை பெரிதும் உணரப்பட்டுள்ளது. நாட்பட்ட மூச்சுக்குழாய் அழற்சி, நுரையீரற் காற்றறை வீக்கம் என முன்னர் வெவ்வேறாகப் பேசப்பட்ட நிலைகளே இன்று இப்பொதுப் பெயரின்கீழ் அடங்குகின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி 2021இல் இந்நோயினால் ஏறத்தாழ 35 இலட்சம் பேர் இறந்தனர். எழுபது வயதுக்கு முன் இதனால் இறப்போருள் பத்தில் ஒன்பது பங்கினர் குறைந்த, நடுத்தர வருமானமுடைய நாடுகளைச் சேர்ந்தவர்கள். இந்நோய் ஒரே சீராகக் கூடிக்கொண்டு செல்வதன்று. மாதக்கணக்கில் ஓரளவு அடங்கியிருந்து, பின் சில நாள்களுக்குள் மூச்சுத் திணறலும் இருமலும் சளியும் மிகுந்து நோயாளியை வைத்தியசாலைக்குத் தள்ளுவது இதன் இயல்பு. இவ்வாறு நோய் உக்கிரமடையும் நிலையைச் சில நாள்களுக்கு முன்னரேனும் அறியமுடியுமாயின் உரிய மருந்தை உரிய வேளையிற் கொடுக்கலாம் என்பதே மருத்துவ உலகின் எதிர்பார்ப்பு. வெளிவிடும் மூச்சிலுள்ள மூலக்கூறுகளை உயிர்க்குறிகாட்டிகளாகக் கொண்டு இதனைச் சாதிக்கலாமா என்னும் வினா அண்மைப் பதிற்றாண்டுகளில் எழுந்தது. எனினும் இவ்வினாவின் வேர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை செல்கின்றன. அவ்வரலாற்றை நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகின்றது. ஒருவரின் மூச்சைப் பிறர் மூச்சோடு ஒப்பிட்டபோது மருத்துவம் நோயை அடையாளங் கண்டது. அவரின் மூச்சை அவரது நேற்றைய மூச்சோடு ஒப்பிடத் தலைப்பட்டபோதுதான் முன்னறிதலை நோக்கி அடியெடுத்து வைத்தது.

மூச்சு அளவைக்குரிய பொருளாயிற்று என்பதற்கு முதற்காரணர் பிரான்சிய வேதியியலாளர் இலவோசியர் ஆவார். உயிர்ப்பு என்பது மெதுவாக நிகழும் ஒருவகைத் தகனமே என்பதை 1770களிலும் 1780களிலும் அவர் நிகழ்த்திய பரிசோதனைகள் நிறுவின. உள்ளே செல்லும் ஒட்சிசன் குறைகின்றது; வெளியே வருங் காற்றிற் காபனீரொட்சைட்டு மிகுகின்றது. 1790ஆம் ஆண்டளவில் செகுவீன் என்பாரின் துணையுடன் மனிதர் ஓய்வாக இருக்கும்போதும் உழைக்கும்போதும் நுகரும் ஒட்சிசனின் அளவையும் அவர் கணித்தார். 1794இல் புரட்சி நீதிமன்றத்தின் தீர்ப்பினால் அவர் உயிரிழந்தார். அவரது ஆய்வுக்குப் பின் மூச்சு வெறுங்காற்றாகக் கருதப்படாது, உடலினுள் நிகழும் வேதி மாற்றங்களின் விளைபொருளாகக் கருதப்படலாயிற்று.

அடுத்த கட்டம் ஆங்கில மருத்துவரான ஜோன் ஹட்சின்சனுக்குரியது. நீரிற் கவிழ்த்து வைத்த ஒரு பாத்திரம், மூச்சை ஊதும்போது மேலெழுந்து காற்றின் கனவளவைக் காட்டுமாறு அவர் ஒரு கருவியை அமைத்தார். 1846இல் வெளியிட்ட கட்டுரையில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரை அளந்த முடிபுகளை அவர் தந்தார். மாலுமிகள், தீயணைப்போர், பொலிசார், குத்துச்சண்டை வீரர், கனவான்கள், ஏழைகள் எனப் பல தரத்தினரும் அவர்களுள் அடங்குவர். ஒருவர் ஆழமாக உள்ளிழுத்து முற்றாக வெளிவிடக்கூடிய காற்றின் அளவை அவர் 'உயிர்க்கொள்ளளவு' என்னும் பொருள்படப் பெயரிட்டார். அவ்வளவு உயரத்துக்கேற்பக் கூடுகின்றது என்பதும், ஐந்தடிக்கும் ஆறடிக்கும் இடைப்பட்டோரில் ஓர் அங்குல உயரத்துக்கு எட்டுக் கன அங்குலக் காற்று மேலதிகமாக அமைகின்றது என்பதும் அவரது முடிபுகள்.

ஹட்சின்சனின் நோக்கம் நோயை அறிவதோடு நிற்கவில்லை என்பது இங்கு கருதத்தக்கது. சயரோகத்தின் பிற குறிகள் தெளிவாகத் தோன்றுமுன்பே இவ்வளவு குறைந்துவிடுகின்றது என அவர் வாதிட்டார். ஆயுட்காப்புறுதி கோருவோரைப் பரிசோதிக்கவும் தமது கருவி உதவும் என அவர் கருதினார். உயிர்க்கொள்ளளவு என்னும் பெயரிலேயே எஞ்சிய வாழ்நாள் பற்றிய கணிப்பு உறைந்துகிடக்கின்றது எனலாம். ஆகவே மூச்சின் அளவீடு தோன்றிய காலத்திலேயே முன்னறியும் ஆசையும் உடன்பிறந்தது. ஆனால் அவர் கொண்ட வழி ஒருவரைப் பலரின் சராசரியோடு ஒப்பிடும் வழியாகவே இருந்தது.

இவ்வழியில் மறைந்திருந்த இடர் விரைவில் வெளிப்பட்டது. சராசரியை யார் வகுப்பது, யாருக்காக வகுப்பது என்னும் வினாக்களுக்குக் கருவி விடை கூறுவதில்லை. ஐக்கிய அமெரிக்காவின் தென்மாநிலங்களில் அடிமை முறையை ஆதரித்த சாமுவேல் காட்றைற் என்ற மருத்துவர், கறுப்பினத்தவரின் சுவாசக் கொள்ளளவு இயல்பாகவே குறைந்தது என 1851இல் எழுதி, அதனைக் கட்டாய உழைப்புக்கு நியாயமாக்கினார். உள்நாட்டுப் போரின்பின் படைவீரரின் அளவீடுகளைத் தொகுத்து 1869இல் பெஞ்சமின் கூல்ட் வெளியிட்ட பெருநூலும் அவ்வேறுபாட்டை இனத்தின் இயல்பாகக் கொள்வதற்கு இடமளித்தது. வறுமை, உழைப்பின் தன்மை, வாழிடத்தின் காற்று என்பன கணக்கில் எடுக்கப்படவில்லை. இனத்துக்கேற்பச் சராசரியைத் திருத்தும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டைக் கடந்தும் நீடித்தது. இனம் சாராத சமன்பாடுகளைப் பயன்படுத்துமாறு அமெரிக்க மார்பு நோய்ச் சங்கம் பரிந்துரைத்தது 2023இலேயே என்பதை நோக்க, பிழையான ஒப்பீடு எத்துணைக் காலம் நிலைக்கவல்லது என்பது விளங்கும்.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அளவீட்டின் தன்மை மாறிற்று. 1947இல் பிரான்சிய மருத்துவர் ரிஃபனோ, காற்றின் மொத்த அளவை விட அது வெளியேறும் வேகமே முக்கியமானது என்பதை எடுத்துக்காட்டினார். ஒரு செக்கனில் வலிந்து வெளிவிடப்படும் காற்றின் கனவளவு, சுவாசத் தடையை அறியும் முதன்மை அளவாயிற்று. 1959இல் மாட்டின் றைற் என்பார் உச்ச வெளிச்சுவாச வேகத்தைக் காட்டும் கருவியை அறிமுகஞ் செய்தார். வேல்சின் சுரங்கத் தொழிலாளரிடையே ஆராய்ச்சி நிகழ்த்திய பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிச் சபையின் பிரிவொன்றிலேயே அக்கருவி உருவாயிற்று. பின்னர் அதன் சிறிய வடிவம் வந்தபோது நோயாளி அதனைத் தம் வீட்டிலேயே வைத்து நாள்தோறும் ஊதிப்பார்க்கும் நிலை ஏற்பட்டது. இதனை ஒரு திருப்பமாகக் கொள்ளலாம். வைத்தியசாலையில் ஆண்டுக்கொருமுறை எடுக்கப்பட்ட அளவு நாளாந்தத் தொடராக மாறியது.

இத்தொடரின் பெறுமதியை வேறொரு திசையிலிருந்து உணர்த்தியது இலண்டன் மாநகரின் புகைமூட்டமாகும். 1952 டிசெம்பர் 5ஆம் நாள் தொடங்கி ஐந்து நாள்கள் நகரை மூடிய நிலக்கரிப் புகை, அக்காலக் கணிப்பின்படி ஏறத்தாழ 4,000 பேரின் மரணத்துக்குக் காரணமாயிற்று. பிற்கால ஆய்வாளர் சிலர் இத்தொகையை 12,000 வரை உயர்த்துவர். 1956இல் தூய காற்றுச் சட்டம் நிறைவேறியது. இச்சூழலில் பற்றிக் லோதரும் அவரது சகாக்களும் கையாண்ட முறை மிக எளிமையானது. நாட்பட்ட மூச்சுக்குழாய் அழற்சியுடையோரிடம் சிறு நாட்குறிப்புகள் கொடுக்கப்பட்டன. நேற்றிலும் இன்று சுகமா, அதே நிலையா, மோசமா என்பதை மட்டும் அவர்கள் நாள்தோறும் குறித்தல் வேண்டும். அக்குறிப்புகளை ஒன்றுசேர்த்து நகரக் காற்றின் அளவீடுகளோடு பொருத்தியபோது, புகை ஏறிய நாள்களில் நோயும் ஏறியமை துலக்கமாயிற்று. கனமீற்றர் ஒன்றுக்குப் புகை 250 மைக்கிரோகிராமும் கந்தகவீரொட்சைட்டு 500 மைக்கிரோகிராமும் அளவில் நோயாளரின் நிலை மோசமாகத் தொடங்குவதை 1970இல் வெளியான அவர்களது கட்டுரை காட்டியது. விலையுயர்ந்த கருவி எதுவும் நோயாளரிடம் இருக்கவில்லை. அவர்கள் தம்மைத் தமது நேற்றோடு ஒப்பிட்டனர், அதுவே போதுமானதாயிற்று.

ஆயினும் அடுத்த சில ஆண்டுகளில் உக்கிரநிலை பற்றிய அக்கறை பின்தள்ளப்பட்டது. மேற்கு இலண்டனில் 792 ஆண்களை எட்டு ஆண்டுகள் பின்தொடர்ந்து சாள்ஸ் பிளெச்சரும் றிச்சட் பீற்றோவும் 1977இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு காரணமாகும். புகைபிடித்தலே சுவாசத் திறனின் வீழ்ச்சியை விரைவுபடுத்துகின்றது என்பதையும், அதனைக் கைவிட்டோரில் வீழ்ச்சியின் வேகம் தணிகின்றது என்பதையும் அவ்வாய்வு ஐயமற நிறுவியது. அதே வேளை இடையிடையே வரும் தொற்றுகள் அவ்வீழ்ச்சியை விரைவுபடுத்தவில்லை எனவும் அது முடிபு செய்தது. இதன் விளைவாக உக்கிரநிலை வந்துபோகும் துன்பமாகவே பலராலும் கருதப்படலாயிற்று. அவ்வாய்வில் அளக்கப்பட்டோர் அனைவரும் ஆண்கள் என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது. விறகடுப்பின் புகையைப் பல்லாண்டு சுவாசித்த பெண்களின் நோய் அக்கால ஆராய்ச்சியின் மையத்துக்கு வரவில்லை.

உக்கிரநிலை என்றால் என்ன என்பதற்குத் தெளிவான வரையறையைத் தந்தது கனடாவின் வினிப்பெக் நகரில் அந்தொனிசன் குழுவினர் 1987இல் வெளியிட்ட ஆய்வாகும். மூச்சுத் திணறல் கூடுதல், சளியின் அளவு கூடுதல், சளி சீழ்த்தன்மை பெறுதல் ஆகிய மூன்றையும் அவர்கள் அளவுகோலாக வகுத்தனர். பின்னர் கிழக்கு இலண்டனில் வெட்சிச்சாவும் சீமங்கலும் பிறரும் நாட்குறிப்பு முறையை மீண்டும் கையிலெடுத்தனர். அவர்களது ஆய்வுகள் மூன்று செய்திகளை வெளிப்படுத்தின. நாட்குறிப்பிற் பதிவாகும் உக்கிரநிலைகளுள் ஏறத்தாழப் பாதி மருத்துவரிடம் தெரிவிக்கப்படுவதேயில்லை என்பது முதலாவது. 101 நோயாளரின் 504 உக்கிரநிலைகளை ஆராய்ந்து 2000இல் வெளியான கட்டுரையின்படி, ஐந்து வாரங்கள் கழிந்தும் நான்கில் ஒரு பங்கு நிகழ்வுகளில் உச்ச வெளிச்சுவாச வேகம் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை என்பது இரண்டாவது. அடிக்கடி உக்கிரமடைவோரின் சுவாசத் திறன் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 40 மில்லிலீற்றரும் ஏனையோரிடத்து 32 மில்லிலீற்றரும் குறைகின்றது என 2002இல் அறிவிக்கப்பட்டமை மூன்றாவது. இவ்வாறு உக்கிரநிலை நோயின் போக்கையே மாற்றவல்லது என்பது மீண்டும் ஏற்கப்பட்டதும், அதனை முன்னறிவதற்கான தேடலும் வலுப்பெற்றது.

இதற்கிடையில் மூச்சின் உள்ளடக்கம் பற்றிய அறிவு வேறொரு பாதையில் வளர்ந்து வந்தது. வெளிவிடும் காற்றின் பெரும்பகுதி நைதரசன், ஒட்சிசன், காபனீரொட்சைட்டு, நீராவி என்பனவே. எஞ்சியவற்றுட் பல நூறுகோடியில் ஒரு பங்கு என்னும் அளவிலும் அதனிற் குறைவாகவும் அமைந்தவை. மூச்சிலுள்ள மதுசாரத்தை அளந்து சாரதிகளைச் சோதிக்கும் கருவியை அமெரிக்காவின் இந்தியானாவில் போர்க்கன்ஸ்ரைன் 1954இல் உருவாக்கினார். பிரித்தானியா 1967இல் இத்தகைய சோதனையைச் சட்டமாக்கியது. மதுசாரம் ஒரே பொருள். அதன் மூலமும் தெரிந்தது. உடல் தானே உண்டாக்கும் நுண்பொருள்களை அறிதல் அத்துணை எளிதன்று. கலவையொன்றின் கூறுகளை வாயு நிலையிலே பிரித்தெடுக்கும் வாயு நிறப்பதிவியல் 1952இல் அறிமுகமானதும் அதற்கான கதவு திறந்தது. 1971இல் லைனஸ் போலிங்கும் சகாக்களும் மூச்சைக் குளிரூட்டிச் சேகரித்து, அதனுள் ஏறத்தாழ 250 பொருள்கள் இருத்தலைக் காட்டினர். நவீன மூச்சுப் பகுப்பாய்வின் தொடக்கமாக இக்கட்டுரை பொதுவாகக் கொள்ளப்படுகின்றது. 1982இல் வோறிக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேர்சாட், டொட் ஆகியோர் பல உணரிகளின் துலங்கற் கோலத்தைக் கொண்டு வாசனைகளைப் பிரித்தறியும் 'மின்னணு மூக்கு' என்னும் கருத்தை முன்வைத்தனர். பழைய மருத்துவனின் மூக்கு கருவியாக மறுபிறப்பெடுத்தது எனலாம்.

மூச்சு உயிர்க்குறிகாட்டிகளுள் மருத்துவ நடைமுறையில் நிலைபெற்றது நைத்திரிக் ஒட்சைட்டு ஆகும். அது மனிதர் வெளிவிடும் மூச்சில் உள்ளதென்பதைச் சுவீடிய ஆய்வாளர் 1991இல் அறிவித்தனர். ஆஸ்துமா உடையோரில் அது மிகுந்திருத்தலை 1993இல் காட்டினர். 2011இல் அவுஸ்திரேலியாவில் ஆஸ்துமாவுடைய கர்ப்பிணிகள் 220 பேரிடம் நிகழ்த்தப்பட்ட ஆய்வில், இவ்வளவீட்டைத் துணைக்கொண்டு மருந்தைக் கூட்டியும் குறைத்தும் கொடுத்தபோது உக்கிரநிலைகள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. ஒரே ஆளின் மூச்சைத் திரும்பத்திரும்ப அளந்து, அம்மாற்றத்துக்கேற்ப மருந்தை மாற்றியமையே இவ்வெற்றியின் அடிப்படை என்பது கவனத்துக்குரியது. நாட்பட்ட சுவாசத் தடை நோயில் நிலைமை வேறு. புகைபிடித்தல் நைத்திரிக் ஒட்சைட்டின் அளவைக் குறைத்துவிடுகின்றது. அந்நோயின் அழற்சியும் பலருக்கு ஆஸ்துமாவின் அழற்சியிலிருந்து வேறுபட்டது.

ஆகவே பிற குறிகாட்டிகள் தேடப்பட்டன. மூச்சைக் குளிர்வித்துத் துளிகளாக்கிப் பெறும் நீர்மத்தில், சுவாசப்பையின் ஒட்சியேற்றத் தாக்கத்தைக் காட்டும் ஐதரசன் பரவொட்சைட்டை நெதர்லாந்து ஆய்வாளர் 1996இல் அளந்தனர். நோய் அடங்கியிருந்தோரில் அது நலமுற்றோரை விட மிகுந்தும், உக்கிரமடைந்தோரில் மேலும் மிகுந்தும் காணப்பட்டது. இம்முடிபு நம்பிக்கையூட்டியது. ஆயின் ஒரு குழுவினரை வேறொரு குழுவினரோடு வைத்துப் பார்க்கும் இத்தகைய ஒப்பீடு ஹட்சின்சன் காலத்து ஒப்பீட்டின் வழிவந்ததே. உக்கிரமடைந்த பின் ஒரு பொருள் கூடியுள்ளது என்பதிலிருந்து, உக்கிரமடையுமுன் அது கூடும் என்பது பெறப்படமாட்டாது. நடைமுறை இடர்களும் பல. நீர்மம் நீராவியினால் பெரிதும் ஐதாக்கப்பட்டிருக்கும். அறைக் காற்றிலுள்ள பொருள்களும் உண்ட உணவும் பிடித்த புகையும் அருந்திய மருந்தும் மூச்சில் கலந்திருக்கும். ஊதும் வேகம் மாறினும் சில பொருள்களின் செறிவு மாறும். ஒரே நோயாளரை அடங்கிய நிலையிலும் உக்கிரநிலையிலும் மீண்ட நிலையிலும் மின்னணு மூக்கினால் சோதித்த ஆய்வுகள் பிற்காலத்திலேயே வெளிவந்தன. அவை மூச்சின் கோலம் மாறுவதைக் காட்டின. ஆயினும் அவற்றிற் பங்குபற்றியோர் சிலரே. மாறுதலைக் காண்பது வேறு, முன்கூட்டி எச்சரிப்பது வேறு.

நாளாந்த அளவீடு மட்டும் போதுமா என்னும் ஐயத்துக்கும் வரலாறு விடை தருகின்றது. ஸ்கொட்லாந்தில் 256 நோயாளரின் அறிகுறிகளையும் குருதியின் ஒட்சிசன் நிரம்பலையும் அவர்கள் வீட்டிலிருந்தவாறே நாள்தோறும் தொலைவழி பெற்று ஆராய்ந்த முயற்சியொன்றின் முடிபு 2013இல் வெளியாயிற்று. வைத்தியசாலை அனுமதியை அது தாமதப்படுத்தவில்லை. எனவே எதை அளப்பது என்பதும், அளவு மாறும்போது எதைச் செய்வது என்பதும் ஒருங்கே தீர்மானிக்கப்படாதவிடத்துத் தொடர்ச்சி மட்டும் பயன்தராது என்பது தெளிவு.

இவ்வளவு தேடலுக்கும் இடையே கிடைத்த மிக உறுதியான முடிபு, வரலாறு பயில்வோரின் கருத்தை ஈர்க்கத்தக்கதாகும். பன்னிரண்டு நாடுகளில் 2,138 நோயாளரை மூன்றாண்டுகள் பின்தொடர்ந்த பெரிய ஆய்வொன்று, உக்கிரநிலையை முன்னறிவதற்கு மிகச் சிறந்த சான்று யாது என ஆராய்ந்து 2010இல் தன் முடிபை வெளியிட்டது. நோயின் எல்லாப் படிநிலைகளிலும் முதலிடம் பெற்றது நோயாளியின் முன்னைய உக்கிரநிலைகளின் வரலாறே. சென்ற ஆண்டு எத்தனை முறை நோய் முற்றியது என்னும் எளிய வினா மற்றைய அளவீடுகளை விஞ்சி நின்றது. மூச்சிலிருந்து எடுக்கப்படும் எந்த உயிர்க்குறிகாட்டியும் இவ்வினாவோடு போட்டியிட்டே தன் தகுதியை நிலைநாட்டவேண்டியுள்ளது.

இம்முடிபில் ஓர் எச்சரிக்கையும் அடங்கியுள்ளது. கடந்தகாலமே சிறந்த முன்னறிவிப்பு எனின், பதிவு செய்யப்பட்ட கடந்தகாலம் யாருக்கு உண்டு என்பது அடுத்த வினாவாகும். மருத்துவ சேவை வளர்ந்த இலண்டனிலேயே பாதி உக்கிரநிலைகள் பதிவின்றிப் போயின. வைத்தியசாலை தொலைவிலுள்ள கிராமங்களில், அடுப்படியில் இருமும் பெண்ணின் துன்பத்தை 'வழமையான முட்டு' எனக் கூறி ஒதுக்குமிடங்களில், எத்தனை நிகழ்வுகள் எழுதப்படாது போகின்றன என்பது ஊகத்துக்குரியது. எழுதப்பட்ட வரலாறு அற்றவரை முன்னறியும் கலை காணத் தவறுகின்றது. மூச்சு உயிர்க்குறிகாட்டியின் உண்மையான பயன் இங்குதான் அமையக்கூடும். குருதி எடுக்காமலும் வலியின்றியும் திரும்பத்திரும்பப் பெறக்கூடியது மூச்சு. எளிய, விலை குறைந்த கருவி ஒன்றினால் அது கிராமத்து மருந்தகத்திலும் பெறப்படுமாயின், ஏட்டில் வரலாறு இல்லாதவருக்கும் ஒரு வரலாறு உண்டாகும்.

அவ்வாறான கருவி உருவாகும்வரை செய்யத்தக்கது ஒன்றுண்டு. லோதர் தம் நோயாளரிடம் கேட்ட வினாவுக்குக் கருவி தேவைப்படவில்லை. நேற்றிலும் இன்று மூச்சு எப்படியிருக்கின்றது எனக் கேட்டு அவ்விடையைத் தவறாது எழுதி வைக்கும் வழக்கம், மருத்துவமனைகளிலும் சிற்றூர் மருந்தகங்களிலும் இன்றே தொடங்கப்படக்கூடியது. நாளை வரக்கூடிய உயிர்க்குறிகாட்டி எதுவாயினும் அதன் உண்மையை உரைத்துப் பார்ப்பதற்கு இவ்வேடுகளே உரைகல்லாக அமையும்.